இரத்தத்தைப் படிக்கக் கற்றவர்கள்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களிலே குடியேறிய நம்மவர் ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, புதிய டாக்டர் ஒருவர் நாடியைப் பிடித்துக்கொண்டே, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று வினவுவதுண்டு. நாம் அதனை உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டு, திருநெல்வேலி என்றோ வேலூர் என்றோ விடை பகர்ந்துவிட்டுச் சற்றே மகிழ்கிறோம். விஷயமறிந்த டாக்டருக்கு அது உபசாரம் அன்று. நோய்களிலே சில மண்ணைப் பற்றியவை. அந்த மண்ணில் வாழ்வோர் எக்குலத்தவராயினும் அவர்களை அவை தாக்கும். வேறு சில வழிவழியாக வருபவை. குடும்பம் எங்கே பெயர்ந்தாலும் அவையும் உடன் பெயர்ந்து செல்லும். இரண்டு வகையிலும் ஒவ்வொரு நோயை முன்வைத்து, அவற்றை ஆராயும் மனிதர்கள் நம் நாட்டில் எவ்வாறு உருவாயினர் என்பதை இன்று காண்போம்.

வைத்திய சரித்திரம் எழுதுவோர் மருந்தைக் கண்டவரின் பெயரை எழுதுவர். நோயைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை எழுதுவோர் அரியர். ஒரு ஜில்லாவில் ஒரு நோய் இல்லையென்று சர்க்கார் ஏட்டில் கண்டால், அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். மெய்யாகவே அந்நோய் அங்கே இல்லாதிருக்கலாம். அல்லது அதனைக் கண்டறிய வல்லார் ஒருவரும் அந்த ஜில்லாவில் இல்லாதிருக்கலாம். இந்திய நாட்டின் இரத்த நோய்ப் படம் நெடுங்காலம் வெறுமையாய் இருந்ததற்கு இரண்டாவது காரணமே பெரிது.

முதலில் பம்பாயைப் பார்ப்போம். 1928-ம் ஆண்டில் லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில மாது அந்நகருக்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில், கருவுற்ற பெண்கள் கடும் சோகையால் வெளுத்து மடிந்துகொண்டிருந்தனர். இரும்புச் சத்துக் கொடுத்தும் பயனில்லை. அவர்களுடைய சிவப்பணுக்கள் அளவிற் பெருத்தும், எண்ணிக்கையிற் குறைந்தும் காணப்பட்டன. கிருமியால் வந்ததோ என்று ஐயுற்று அவ்வம்மையார் முதலில் அவ்வழியில் ஆராய்ந்தார். பின்னர், அப்பெண்கள் எதனை உண்டனர், எதனை உண்ணவில்லை என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 1929-ம் ஆண்டில் சில மாதம் நம் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலும், 1931-ம் ஆண்டில் சென்னை நகரத்து ஆஸ்பத்திரியிலும் அவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். முடிவில் அந்நோய்க்கு மருந்தாக அவர் கண்டது, மேனாட்டார் ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாரம். அதிலிருந்த பொருள் யாதென்று அப்போது எவரும் அறியார். பத்தாண்டு கழித்து, 1941-ம் ஆண்டில், பசலை வகைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலைக்கு லத்தீன் மொழியில் வழங்கும் பெயரால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இன்று கருவுற்ற பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அப்பொருளே.

இந்தக் கதையை இங்கிலாந்தில் அறிவர். நம் நாட்டிலும் சிலர் அறிவர். ஆனால் வில்ஸ் அம்மையார் வெளியிட்ட கட்டுரைகளில் அவரோடு மேத்தா, தல்படே என்னும் இரண்டு இந்தியப் பெயர்களும் உள்ளன என்பதை எத்தனை பேர் அறிவர்? அவற்றுள் ஒன்று பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்க்கை நிலையையும் பற்றியது. அந்நியர் ஒருவர் தெருவில் சென்று, "நேற்று என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டு மெய்யான விடை பெற்றுவிட முடியாது. ஊர் மொழியும், அடுப்படி வழக்கமும், கேட்கும் பக்குவமும் தெரிந்தவர் உடன் வரவேண்டும். அத்தகையோரைப் பழைய சரித்திரங்கள் 'உதவியாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றன. நம் நாட்டு ஆராய்ச்சியாளர் பரம்பரை தொடங்குவது அவர்களிடமிருந்தே என்று நாம் கருதுகிறோம்.

இனி, வழிவழியாக வரும் இரத்த நோய்க்கு வருவோம். நம் சிவப்பணு வட்ட வில்லை போன்றது. இருபுறமும் சற்றே குழிந்து, மயிரினும் மெல்லிய குழாய்களில் வளைந்து நெளிந்து புகக்கூடியது. சிலருக்கு அதன் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் பிறவியிலேயே சிறிது மாறுபட்டிருக்கிறது. பிராணவாயு குறைந்தால் அம்மாறிய ஹீமோகுளோபின் நார் நாராகத் திரண்டு, அணுவைக் கதிர் அறுக்கும் அரிவாள்போல் வளைத்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் குழாய்களை அடைக்கின்றன. எலும்பில் பொறுக்க முடியாத வலி உண்டாகிறது. அணுக்கள் விரைவில் அழிவதால் சோகையும் மஞ்சளும் தோன்றுகின்றன. 1910-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஹெரிக் என்னும் டாக்டர் இவ்வணுவை முதலில் வருணித்தார். 1949-ம் ஆண்டில் லைனஸ் பாலிங் என்னும் ரசாயன நிபுணரும் அவர் தோழரும், இது ஹீமோகுளோபினிலேயே உள்ள குறை என்று நிறுவினர்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற குழந்தைக்கே நோய் வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் திடகாத்திரமாகவே வாழ்வார். குறையைச் சுமப்பது அவருக்கே தெரியாது. அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே நோயாளியை மட்டும் பார்ப்பது போதாது. சுமப்பவரையும் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு துளி இரத்தம், கண்ணாடித் தகடு ஒன்று, பிராணவாயுவை அகற்றும் உப்பு சிறிது, மைக்ராஸ்கோப் ஒன்று, இவ்வளவும் இருந்தால் போதும். இவற்றோடு, பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்!

1952-ம் ஆண்டில் அக்கண் இந்தியாவின் இரு கோடிகளில் திறந்தது. நீலகிரியில் வாழும் மலைவாசிகளின் இரத்தத்தில் இக்குறை இருப்பதை லேமன் என்னும் டாக்டரும், மேரி கட்புஷ் என்னும் ஆஸ்திரேலிய மாதும் அறிவித்தனர். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் அந்நோயே காணப்பட்டதாக டன்லப், மஜும்தார் என்னும் இருவர் எழுதினர். அத்தொழிலாளர் அஸ்ஸாமின் பூர்வ குடிகள் அல்லர். வேற்றுப் பிரதேசங்களிலிருந்து தோட்ட வேலைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழியினர். பெட்டி படுக்கையோடு, கண்ணுக்குப் புலப்படாத இச்சுமையையும் அவர்கள் பல நூறு மைல் சுமந்து சென்றிருந்தனர். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இச்செய்தி தனியே விளக்கம் வேண்டாதது.

நீலகிரிச் செய்தியை நாம் சற்றே நின்று பார்க்கவேண்டும். லேமன் பெரிய விஞ்ஞானி, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் மனத்தை ஈர்த்த கேள்வி, இம்மலைவாசிகளுக்கும் அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பழங்குடிகளுக்கும் உறவு உண்டா என்பது. இரத்தம் மக்கட் கூட்டங்களின் பூர்வோத்தரத்தைச் சொல்லும் சாட்சியாக அந்நாளில் மதிக்கப்பட்டது. சாட்சி கிடைத்தது, கட்டுரை லண்டனில் அச்சாயிற்று. இரத்தம் கொடுத்த இருளருக்கும் பணியருக்கும் குறும்பருக்கும் அதனால் விளைந்தது என்ன? அவர்களுக்கெனவே ஒரு சங்கம் ஏற்பட்டுக் கூடலூரில் ஆஸ்பத்திரி எழுந்தது 1990-ம் ஆண்டையொட்டி என்றால், இடையில் கழிந்த காலத்தை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். அதற்குள் எலும்பு வலியால் துடித்து, வாதம் என்றும் சூனியம் என்றும் பெயரிடப்பட்டு மறைந்த குழந்தைகளுக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை. கண்டுபிடிப்பவர் வந்து போனார். கண்டுபிடிக்கக் கற்றவர் ஒருவரையும் மலையில் விட்டுப் போகவில்லை. அவர்மேல் குற்றம் சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. அக்காலத்து ஆராய்ச்சி முறையே அப்படி.

சமவெளியில் நிலைமை மெல்ல மாறியது. கல்கத்தாவின் உஷ்ண மண்டல வைத்தியப் பள்ளியில் ஜே. பி. சட்டர்ஜி என்னும் பேராசிரியர், வங்காளத்திலும் கிழக்குப் பிரதேசங்களிலும் காணும் ஹீமோகுளோபின் 'ஈ' வகையையும், தலசீமியாவோடு அது சேரும்போது விளையும் நோயையும் ஆராய்ந்து புகழ் பெற்றார். பம்பாயில் 1952-ம் ஆண்டில் பெண்டே முதலிய டாக்டர்கள், அதுவரை உலகம் அறியாத ஓர் இரத்த வகையைக் கண்டனர். அதற்குப் பம்பாய் வகை என்றே பெயர் வழங்குகிறது. இவ்வகையினருக்கு 'ஓ' வகை இரத்தமும் ஆகாது. தம் வகையினரின் இரத்தமே ஏற்கும். அக்குழுவில் இளைஞராக இருந்த பாட்டியா, பின்னர் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1957-ம் ஆண்டில் அந்நகரில் தொடங்கிய இரத்த வகை நிலையத்தின் தலைவரானார். அந்நிலையம் வளர்ந்து இன்று தேசிய நிறுவனமாக விளங்குகிறது. ஒரு கண்டுபிடிப்பு, அதைச் செய்தவர்களோடு முடிந்துபோகாமல், ஒரு பள்ளியாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நாகபுரியில் 1958-ம் ஆண்டில் சுக்லா, சோலங்கி என்னும் டாக்டர்கள், மத்திய இந்திய மக்களிடமும் அரிவாள் அணு இருப்பதை எழுதினர். இது மலைவாசிகளின் நோய் என்று அதுவரை எண்ணியிருந்தோர், நகரத்து வீதியிலும் அது உண்டென்று அறிந்தனர். ஒரிஸ்ஸாவின் மேற்குப் பகுதியில், சம்பல்பூருக்கு அருகே புர்லா என்னும் சிற்றூரின் மருத்துவக் கல்லூரியில், கார் என்னும் டாக்டர் நோயாளிகளைப் பொறுமையோடு பதிவு செய்துவந்தார். தலைநகரிலிருந்து வெகு தொலைவிலுள்ள கல்லூரி அது. ஆயினும் 1986-ம் ஆண்டில் அங்கிருந்து வந்த செய்தியை உலகம் கூர்ந்து கேட்டது. ஒரிஸ்ஸா நோயாளிகளின் உடலில், சிசுப் பருவத்துக்குரிய ஹீமோகுளோபின் வளர்ந்த பின்னும் மிகுதியாக நிற்கிறது. அது அணுவை அரிவாளாக வளையவிடாமல் ஓரளவு காக்கிறது. இந்நாட்டுக் குறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததன்று, தனியே தோன்றியது என்றும் அவ்வாராய்ச்சியாளர் கருதினர். லேமன் எழுப்பிய பழைய கேள்விக்கு, சிகிச்சை அறையிலிருந்து ஒரு விடை!

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரிஸ்ஸாச் செய்தியைப் படித்த சிலர், "இந்தியாவில் இந்நோய் கடுமையற்றது" என்று ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டனர். நாகபுரியின் குழந்தை வைத்தியர்கள் அவ்வாறு ஒப்பவில்லை. அவர்களுடைய வார்டுகளில் குழந்தைகள் மிக்க துன்பமுற்றே கிடந்தனர். ஒரே குறை, பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறு முகம் காட்டுகிறது. ஒரு ஜில்லாவில் கற்ற பாடத்தை மற்றொரு ஜில்லாவின்மீது சுமத்த முடியாது. அங்கங்கே பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஒரிஸ்ஸா ஆராய்ச்சியில் பங்கு கொண்ட சர்ஜன்ட் என்னும் ஆங்கில டாக்டர், மேற்கிந்தியத் தீவான ஜமெய்காவிலே பல ஆண்டு பணியாற்றியவர். 1973-ம் ஆண்டு தொடங்கி, கிங்ஸ்டன் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த 1,00,000 குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது; நோயுள்ள குழந்தைகள் ஆண்டுக்கணக்காகக் கவனிக்கப்பட்டனர். சிறு குழந்தைகளில் சிலர், மண்ணீரல் திடீரெனப் பெருத்து இரத்தத்தையெல்லாம் தன்னுள் தேக்கிக்கொள்வதால் சில மணி நேரத்தில் இறப்பதை அங்கே கண்டனர். டாக்டர் வரும்வரை குழந்தை காத்திருக்காது. ஆகவே தாய்மாருக்கே இடப்பக்க விலாவின்கீழ் விரல் வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தனர். பெருத்திருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். அதனால் அவ்வகை மரணம் வெகுவாகக் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நோயைக் காணக் கற்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் அறியோம். கூடலூரிலும் ஆதிவாசிக் குடும்பத்துப் பெண்களே தாதிகளாகப் பயிற்சி பெற்றுத் தம் ஊர்களில் இப்பணியைச் செய்து வருகின்றனர்.

இரத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் எப்போது வரும் என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டும் தொலைவில் இல்லை. சிறுநீரகத்தின் உட்பகுதியில் பிராணவாயு குறைவு, உப்பு மிகுதி. ஆகையால் அரிவாள் அணு முதலில் வளையும் இடங்களுள் அதுவும் ஒன்று. இந்நோயுள்ள பிள்ளைகள் சிறுநீரைச் சுண்டவைக்கும் ஆற்றலை இளமையிலேயே இழக்கின்றனர். இரவில் படுக்கையை நனைக்கும் பிள்ளையை அடிக்கும் பெற்றோர், அடிக்குமுன் இதனை நினைக்கவேண்டும். மறுபுறம், சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையிடும் ரசம் சிறுநீரகத்திலேதான் சுரக்கிறது. சிறுநீரகம் பழுதானால் சோகை வருவது அதனால்.

சிறுநீரக வைத்தியத்தில் பயிற்சி நம் நாட்டில் முறையாக அமைந்தது பிற்காலத்தில். சண்டிகரின் பட்டமேற்படிப்பு நிறுவனத்தில் கிர்பால் சிங் சுக் என்னும் டாக்டர் அத்துறையை வளர்த்து, 1969-ம் ஆண்டில் அதற்கெனத் தனிப் பட்டப் படிப்பைத் தொடங்கினார். 1971-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஒருவர் சிறுநீரகம் மற்றொருவருக்கு வெற்றியுடன் பொருத்தப்பட்டது. நாட்டில் அதுவே முதல். பத்திரிகைகள் இரண்டாவதைக் கொண்டாடின, அது இயல்பே. ஆனால் சுக் அவர்கள் செய்த காரியத்தின் பெருமை வேறு. பாம்புக் கடி, துத்தம் என்னும் மயில்துத்தத்தை விழுங்குதல், பேதியால் உடல் வற்றுதல், கேடான முறையில் கருவைக் கலைத்தல் ஆகியவற்றால் சிறுநீரகம் திடீரென நின்றுபோகும் நோயாளிகள் அவரிடம் வந்தனர். மேனாட்டுப் பாடப் புத்தகத்தில் இவை ஒரு வரியோ இரண்டு வரியோ இடம் பெறும். இங்கே வார்டு முழுவதும் இவையே. அவர் மாணவர்க்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்க்கக் கற்பித்தார் என்று சொன்னால் மிகையாகாது. அம்மாணவர்கள் பல மாநிலங்களில் பரவித் தாமும் ஆசிரியராயினர்.

பரவினர் என்றோம், எங்கே பரவினர்? பெரும்பாலும் நகரங்களில். இங்கேதான் இடர் தோன்றுகிறது.

ஆந்திர மாநிலத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் ஜில்லாவில், கடலோரமாக உத்தானம் என்னும் பகுதி உள்ளது. உத்யானவனம் என்பதன் மரூஉ என்பர். தென்னையும் முந்திரியும் அடர்ந்து பெயருக்கேற்பவே பசுமையாய் இருக்கும். கல்கத்தா மெயிலில் செல்லும் நம்மவர் பலாசா, சோம்பேட்டை, இச்சாபுரம் என்று அந்த ஸ்டேஷன்களைக் கடந்துதான் சென்றிருப்பர். அப்பகுதி உழவரிடமும் கூலியாட்களிடமும் 1990-களிலிருந்து ஒரு சிறுநீரக நோய் மிகுதியாகக் காணப்பட்டது. சர்க்கரை நோய் இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை, சிறுநீரில் இரத்தமோ நுரையோ இல்லை; வலியும் இல்லை. சோர்வு மிகுந்து டாக்டரிடம் வரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்டுப்போயிருக்கிறது. இலங்கையின் வட மத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடமும், மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டுவோரிடமும் இதனை ஒத்த நோய் உண்டு.

காரணம் யாது? நிலத்தடி நீரில் உள்ள சிலிகா என்றனர். கன உலோகம் என்றனர். பூச்சி மருந்து என்றனர். வெயிலில் வியர்த்து நீர் வற்றுவது என்றனர். வலி மாத்திரைகளை அளவின்றி விழுங்குவது என்றனர். பரம்பரை என்றோரும் உண்டு. நாட்டின் பல பாகங்களிலிருந்தும், வெளிநாட்டிலிருந்தும் குழுக்கள் வந்து நீரையும் இரத்தத்தையும் எடுத்துச் சென்றன. ஒவ்வொரு குழுவும் தன் முறையில் அளந்தது. ஒன்றன் அளவை மற்றொன்றோடு ஒட்டிப் பார்ப்பது எளிதாயில்லை. ஐயப்பாடுகளுள் ஒன்றேனும் இன்னும் ஐயமறத் தீரவில்லை. நோயாளியோ நெடுங்காலம், இரத்தச் சுத்திகரிப்புக்காக விசாகப்பட்டினம் வரை வாரத்தில் இரண்டு மூன்று முறை போய் வந்தார். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் நாலு மணி நேரம். ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை மணியோ! அன்றைக் கூலியும் போயிற்று, உடன் சென்றவர் கூலியும் போயிற்று. 2023-ம் ஆண்டு டிசம்பரில் பலாசாவில் 200 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியும் அதனோடு சிறுநீரக ஆராய்ச்சி நிலையமும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் அணுச் சோகையை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. 7 கோடி மக்களின் இரத்தத்தைச் சோதிப்பதும், 2047-ம் ஆண்டுக்குள் நோயை ஒழிப்பதும் அதன் நோக்கம். கட்டடமும் கருவியும் வந்துவிட்டன, அல்லது வந்துகொண்டிருக்கின்றன.

ஆள்? ஒருமுறை வந்து இரத்தம் எடுத்துச் செல்பவரால் உத்தானத்தின் விடை அகப்படாது என்பது நம் துணிபு. நோய் தோன்றுமுன் இளைஞராய் இருப்போரை ஆண்டுதோறும் சோதித்து, எவருடைய இரத்தத்தில் கிரியாட்டினின் எப்போது ஏறத் தொடங்குகிறது என்று பத்துப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து குறித்துவர வேண்டும். முந்திரித் தோப்பில் பகற்பொழுது முழுவதும் வேலை செய்பவர் எத்தனை முறை நீர் அருந்துகிறார், அது எந்தக் கிணற்று நீர், முதுகு வலிக்குக் கடையில் என்ன மாத்திரை வாங்குகிறார், அறுவடைக் காலத்தில் அதிகமா, மழைக் காலத்தில் அதிகமா என்று அவர் மொழியிலேயே கேட்டறிய வேண்டும். சோம்பேட்டையில் பிறந்து, சண்டிகரிலோ வேலூரிலோ பயின்று, மறுபடி சோம்பேட்டைக்கே திரும்பத் துணிந்த ஒருவருக்கு இவ்வினாக்கள் தாமே வாயில் வரும். அவர் திரும்புவதற்கு, நகரத்தில் கிடைக்கும் வருவாய்க்கு ஓரளவேனும் ஈடான ஊதியமும், ஆராய்ச்சி செய்ய ஓர் அறையும், பத்தாண்டுக்கு உறுதியான பணமும் வேண்டும். மூன்றாண்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பதினைந்தாண்டு நோயின் காரணத்தைக் கேட்பது நியாயமன்று.

உத்தானத்திலிருந்து வெளியூர்களுக்குப் பிழைக்கச் செல்வோரும் பலர். அவர்களுள் ஒருவர், ஊரை விட்டுப் பல ஆண்டு கழிந்த பின்னர், ஏதோ ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் சோர்வு என்று சொல்லி நிற்கும்போது, அவருடைய நோய் அந்நகரத்துக் கணக்கில் ஏறிவிடுகிறது. உத்தானத்து ஏட்டில் ஓர் எண் குறைந்துபோகிறது. எதிரே இருக்கும் இளம் டாக்டர், நாடியைப் பிடித்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் அது குறையாது.